ஒற்றை எழுத்துச் சொற்கள்

தீ அட்டை வீரலட்சுமியின் கைப்பைக்குள் இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறது, குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில், சொல் எழுதிய அட்டை ஒன்றும் படம் போட்ட அட்டை ஒன்றுமாக, இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு. ஒற்றை எழுத்துச் சொற்கள் என்று எட்டு ஜோடி இருந்த அட்டைக் கட்டில் இப்போது ஏழுதான்: பூ, கை, பை, மை, ஈ, ஆ, நா. ஒன்றாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள், ஒருத்தர்கூட எட்டாவது எங்கே என்று கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள், அந்தச் சொல்லை நடத்துவதற்கு முன்னாலேயே அவள் எடுத்து ஒளித்துவிட்டாளே. பயிற்சிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தபோது கூடப் பதினேழு புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு தாளையும் சேர்த்துப் பசை தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டாள். திருட்டு வேலை மாதிரித்தான் செய்தாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. ஆனால் இன்றைக்கு வட்டார அலுவலகத்திலிருந்து கிறிஸ்டோபர் சார் வந்திருக்கிறார். பிள்ளைகள் சொல்லையும் படத்தையும் சேர்க்கிறார்களா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறார். வகுப்பின் மூலையில் பாயை விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்து, தன்னுடைய தோல்பையிலிருந்து தன்னுடைய அட்டைக் கட்டை எடுத்துப் பரப்புகிறார். புதுக் கட்டு. ஓரம் மடங்காதது. அதில் எட்டும் இருக்கும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி கூப்பிடுவேன் மேடம், நீங்க பாட்டுக்கு உங்க வகுப்பை நடத்துங்க என்றார். வரிசைப்படி என்றால் அந்தப் பிள்ளை மதுஷா பதினாலாவது. பதினாலாவது என்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் வைத்தாலும் இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது, அரைமணிக்குள் எதுவும் நடக்கலாம், அவருக்குப் போன் வரலாம், தலைமையாசிரியை டீ குடிக்கக் கூப்பிடலாம், கரண்ட் போகலாம். கரண்ட் போனால் என்ன, பகல்தானே. பகல் வெளிச்சத்தில் அந்தப் படம் இன்னும் நன்றாகத் தெரியும்.

முதல் பிள்ளை பாயில் உட்கார்ந்துவிட்டது. வீரலட்சுமி மற்றவர்களை வட்டமாக உட்கார வைத்து கை அட்டையை உயர்த்திக் காட்டினாள். கை என்றார்கள் எல்லோரும். எழுத்தைப் பாத்துச் சொல்லுங்க, படத்தைப் பாக்காதீங்க என்றாள், ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. படத்தைப் பார்த்தால் வாய் முந்திக்கொள்ளும். ஈ படத்தைப் பார்த்தால் கொசு என்பார்கள். ஆ என்று எழுதி மாட்டுப் படத்தைப் போட்டிருந்தால் எந்தப் பிள்ளைதான் ஆ என்று சொல்லும், மாடு என்றுதான் சொல்லும், அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது. பை என்றால் பேக்கு, நா என்றால் நாக்கு. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தபோது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. ஒரு சொல், ஒரு ஒலி, ஒரு படம், மூன்றையும் பிள்ளையின் மனசில் முடிச்சுப் போட்டுவிட்டால் வாசிப்பு வந்துவிடும் என்றார்கள். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முடிச்சுகள் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று அவர்களுக்கு யார் சொல்வது. மருந்து என்று எழுதிப் பாட்டிலைக் காட்டினால் இங்கே பாதிப் பிள்ளைகள் முழிக்கும், இவர்களுக்கு மருந்து என்றால் சாம்பல் நிறத்தில் கையில் ஒட்டிக்கொண்டு வருகிற பொடி. சங்கு என்றால் ஊதிக் கூப்பிடுகிற ஆலைச் சங்கு, கடலில் கிடப்பது அல்ல. ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி அல்ல, பட்டாசு ஆபீஸ், காலை ஆறரைக்கு வேன் வந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போகிற இடம், தரிசுக் காட்டுக்குள் தனித்தனியாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கக்கூடாது என்று அப்படித் தள்ளிக் கட்டுவார்கள். தள்ளிக் கட்டினாலும். போதும், அந்தப் பக்கம் போகாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். மை. மை என்றார்கள் பிள்ளைகள். மதுஷா வட்டத்தில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே மை என்றாள். அவள் சொல்கிறாளா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வாயசைக்கிறாளா என்று வீரலட்சுமிக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வீட்டில் பதினாறாம் நாள் காரியம் கழித்து, சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் அட்டையை எடுத்தாள்.

பிள்ளைக்காக எடுத்தேனா. அதுதான் கேள்வி, ராத்திரி படுத்தாலும் காலையில் பஸ்ஸில் நின்றாலும் அங்கேதான் வந்து மோதுகிறது, சேலை முந்தானை ஆணியில் மாட்டிக்கொள்கிற மாதிரி. ஆபீஸ் வெடித்த அன்றைக்கு நடத்திக்கொண்டிருந்தது பூ. பதினொன்று இருபது இருக்கும். முதலில் தரைதான் ஆடியது, அப்புறம் ஜன்னல், அப்புறம்தான் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. மேசை மேலிருந்த சாக்பீஸ் டப்பா விழுந்து உருண்டது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஜன்னலைச் சாத்தினாள், பூ அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், சத்தமாச் சொல்லுங்க என்றாள், இன்னும் சத்தமா, பூ, பூ, பூ. பதினேழு பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அதில் மதுஷாவும் கத்தினாள், பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே நிமிஷம்தான், அவள் அம்மா பாண்டீஸ்வரி பட்டாசு ஆபீஸில் அந்த அறைக்குள் இருந்த நிமிஷம். வீரலட்சுமிக்கு அது தெரியாது. அப்போது அவளுக்கு அக்கா நினைப்பு மட்டும்தான். குருவம்மாள் அக்காவும் அந்தத் திசையில்தான் வேலை பார்க்கிறாள், பதினஞ்சு வயசிலிருந்து திரி அடுக்கி, அந்த வெள்ளிப் பொடி படிந்த விரல்களோடுதான் தங்கச்சியை டீச்சருக்குப் படிக்க வைத்தாள். பரீட்சைக்குப் போகும்போது கன்னத்தைத் தொட்டு அனுப்புவாள், கன்னத்தில் மினுமினுவென்று பொடி ஒட்டும், துடைக்காமல் போய்ப் பரீட்சை எழுதுவாள் வீரலட்சுமி. அன்றைக்கு நாற்பது நிமிஷம் அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒரு கையில் போனும் மறு கையில் முன்னால் நின்ற பிள்ளையின் கையுமாக அவள் நின்றாள். அப்போது ஏதோ ஒரு தெரியாத நம்பரிலிருந்து அக்காவின் குரல், எங்க ஆபீஸ் இல்லடி, பக்கத்து ஆபீஸு, நான் நல்லாருக்கேன், எனக்கு ஒண்ணுமில்ல. வீரலட்சுமி சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கீழே பார்த்தால், அவள் பிடித்திருந்த கை மதுஷாவுடையது. டீச்சர் சிரித்ததைப் பார்த்து அந்தப் பிள்ளையும் அண்ணாந்து சிரித்தது, விழுந்த முன்பல் இரண்டும் இல்லாத வாயோடு. ஐந்து நிமிஷம் கழித்து அவளுடைய சித்தப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூட. எடுத்து ஒளித்தது பிள்ளைக்காகத்தான் என்று ஒரு மனசு சொல்லும், உனக்காகத்தான் என்று இன்னொன்று சொல்லும், அந்தப் பிள்ளை தீ என்று சொல்லி நிமிர்ந்து உன்னைப் பார்த்தால் நீ என்ன முகத்தை வைத்துக்கொள்வாய் என்று கேட்கும்.

டம் என்று ஒரு சத்தம். தொலைவில். வீரலட்சுமியின் கையிலிருந்த அட்டை நழுவி மடியில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், அதற்கு மேலே வானம், வெறும் வெள்ளை வானம், புகை இருக்கிறதா, இங்கிருந்து தெரியாது, எழுந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும், எழுந்து போனால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். போன் பைக்குள் கிடக்கிறது, சார் முன்னால் எடுக்க முடியாது, அக்கா இன்றைக்கு வேலைக்குப் போயிருக்கிறாளா, கால் வலிக்கிறது என்றாளே நேற்று, போகவில்லை, இல்லை போயிருப்பாள், கால்வலிக்கெல்லாம் வீட்டில் உட்காருகிறவளா அவள். என்ன சத்தம் அது என்று கிறிஸ்டோபர் சார் தலையைத் தூக்கிக் கேட்டார். தேனிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது, அவருக்கு இந்த ஊர்ச் சத்தங்கள் பழகவில்லை. பாயில் அவர் எதிரே உட்கார்ந்திருந்த ஹரிணி, ஆறு வயசுப் பிள்ளை, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், “குவாரி சார். கல்லுக்கு வெடி வைப்பாங்க. ஆபீஸ்ல வெடிச்சா ஜன்னல் ஆடும், ரெண்டு மூணு வாட்டி கேக்கும்.” சொல்லிவிட்டு ஈயை ஈயோடு சேர்த்தாள். சார் பேனாவால் ஒரு டிக் போட்டார். ஆமாம், குவாரிதான். ஜன்னல் ஆடவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லையே, இவர்களுக்கா நான் சொல்லையும் ஒலியையும் சேர்க்கச் சொல்லித் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டே மடியில் விழுந்த அட்டையை எடுத்தாள். ஹரிணி பதினொன்றாவது. இன்னும் இரண்டு பேர். நடுவில் ஒரு பிள்ளை இன்றைக்கு வரவில்லை. அப்படியென்றால் ஒருத்தர்தான். அரைமணி என்று கணக்குப் போட்டது இப்படிக் கரைந்துவிட்டது.

மதுஷாவுக்கு முன்னால் உள்ள பிள்ளையும் பாயில் உட்கார்ந்துவிட்டது, இப்போது சொல்லிவிட வேண்டும். போய்க் குனிந்து, சார், அடுத்து வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு அட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஏன் என்று கேட்பார். சொல்லலாம், அவர் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார், இடுப்பு வலியோடு தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கண் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார். ஆனால் அந்தப் பிள்ளையின் காதுபடச் சொல்ல முடியுமா. அதோடு, நீங்கள் நடத்தவே இல்லையா என்று கேட்டால்? எட்டில் ஒன்றை மூன்று வாரமாக நடத்தவில்லை, பதினேழு புத்தகத்தில் பக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறேன் என்றா சொல்வது? மற்ற பிள்ளைகள் தீ வந்தபோது என்ன சொன்னார்கள் என்று இவ்வளவு நேரம் அவள் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள், பாதிப்பேர் தெரியாது என்றார்கள், மீதிப்பேர் படத்தைப் பார்த்து நெருப்பு என்றார்கள், அடுப்பு என்றது ஒன்று. ஒவ்வொரு தடவையும் சார் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார், அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. வட்டத்தில் இருந்தவர்களிடம் சிலேட்டை எடுத்து எழுதச் சொல்லிவிட்டு எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. பாயின் ஓரம் வரைக்கும் போனாள். “சார், ஒரு நிமிஷம்” என்றாள். அவர் நிமிர்ந்து, “முடிஞ்சிரும் மேடம், இன்னும் நாலைஞ்சு பேர்தான்” என்றார். “அதில்ல சார், அடுத்த பிள்ளைக்கு மட்டும்…” என்று அவள் குரலைத் தாழ்த்தியபோதே மதுஷா எழுந்து வந்து அவளுக்கும் அவருக்கும் நடுவில் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடாமலே வந்துவிட்டாள், வரிசையில் தனக்கு முன்னால் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. “எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் மேடம் பார்ப்பேன், பயப்படாதீங்க” என்று சிரித்தார் சார். வீரலட்சுமி அங்கேயே நின்றாள். வாய்க்குள் நாக்கு கட்டையாகக் கிடந்தது. நா. நா என்றால் நாக்கு.

அவர் சொல் அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினார். கை என்று வாசித்து, கை வரைந்த படத்தில் வைத்தாள் மதுஷா. பை. மை. ஈ என்று சொல்லும்போது வாயை அகலமாக இழுத்தாள், வளர்ந்துகொண்டிருக்கிற முன்பல் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. பூ வந்தபோது வீரலட்சுமி மூச்சை அடக்கிக்கொண்டாள், பிள்ளை பூ என்று சொல்லிப் பூவில் வைத்தாள், அவ்வளவுதான், கண்ணிமைகூட அசையவில்லை. வாயசைக்கிற பிள்ளை அல்ல இது, வாசிக்கிற பிள்ளை. சந்தோஷப்பட வேண்டும், படமுடியவில்லை, ஏனென்றால் சாரின் விரல்கள் அடுத்த அட்டையைத் தொட்டுவிட்டன. அந்தப் படம் பாயின் ஓரத்தில் கிடந்தது, ஆரஞ்சும் மஞ்சளுமாக, நாலு விறகுக்கு மேலே எரிகிறது. சார் நீட்டினார்.

“தீ” என்றாள் மதுஷா.

எழுத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகுதான் கையை நீட்டி, அந்த அட்டையை எடுத்து விறகுப் படத்தின் மேல் நேராக வைத்து, ஓரத்தைச் சரிபண்ணினாள். சாரின் முகம் மலர்ந்துவிட்டது. “இத இதுவரைக்கும் யாருமே சரியா வாசிக்கல தெரியுமா? டீச்சர் நடத்துனாங்களா?”

“இல்ல சார். டீச்சர் இத நடத்தல.”

“அப்புறம் எப்பிடித் தெரியும்?”

“எங்கம்மா சொல்லிக் குடுத்துச்சு. சாயங்காலம் அப்பாகூட வண்டியில அம்மாவக் கூப்பிடப் போவேன்ல, ஆபீஸ் கேட்டுல சிவப்பு வாளி வரிசையாத் தொங்கும் சார். உள்ள மண்ணு கெடக்கும். வாளியில இது எழுதியிருக்கும். அம்மா என்னையத் தூக்கிக் காட்டும். இது தீ, சொல்லு சொல்லுன்னு சொல்லும்.”

“அம்மா படிச்சவங்களா?”

“இல்ல சார். அம்மாக்கு இந்த ஒரு எழுத்துதான் தெரியும்.”

“அடேயப்பா. அந்த ஒண்ணையும் உனக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்களே. அம்மாகிட்டப் போய்ச் சொல்லு, சார் ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னார்னு.”

வீரலட்சுமி ஓர் அடி முன்னால் வைத்தாள். பிள்ளையின் தோளைப் பிடித்துத் தூக்கிவிடலாமா, சாரின் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று இரண்டு கையும் தவித்தன. அதற்குள் மதுஷா, தெரியாதவருக்குத் தெரிவிக்கிற குரலில், மழை வருது என்று சொல்கிற மாதிரி, “அம்மா செத்துப்போச்சு சார்” என்றாள். சார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் நிமிர்ந்து வீரலட்சுமியைப் பார்த்தார், அவள் தலையை மட்டும் அசைத்தாள், எந்த ஆபீஸ், எந்த நாள் எல்லாம் அந்த ஒரு அசைவில் அவருக்குப் புரிந்துவிட்டது, பேப்பரில் படித்திருப்பார். பிள்ளை கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தது. “அடுத்தது குடுங்க சார், இன்னும் ரெண்டு இருக்கு.” அவர் ஆ அட்டையைக் கொடுத்தார்.

தன் மேசைக்கு எப்படித் திரும்பி வந்தாள் என்று வீரலட்சுமிக்கு நினைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று வாரம். பதினேழு புத்தகம், பசை, சாத்திய கதவு. ஒரு பொம்பளை தன் ஆயுசில் கற்றுக்கொண்டது ஒரே ஓர் எழுத்து, அதைத் தினமும் வேலைக்குப் போகிற வாசலில் எச்சரிக்கையாகக் கற்றுக்கொண்டது, அதை மகளை இடுப்பில் தூக்கிக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் போய் நான் அந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்து ஒளித்தேனே. எனக்குப் பயம், என் பயத்துக்குப் பிள்ளையின் பெயரை வைத்தேன். அவள் என்னைவிட முந்திவிட்டாள் என்று நினைத்தாள், யார் என்று தனக்கே தெளிவாக இல்லை, மதுஷாவா, பாண்டீஸ்வரியா. மற்ற பிள்ளைகள் சிலேட்டில் பை பையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். மூலையில் கடைசிப் பிள்ளையும் முடித்துவிட்டது. சார் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார், அவள் மேசை பக்கம் வந்தார், “நான் தலைமையாசிரியை அறையில இருக்கேன் மேடம், நீங்க மெதுவா வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தாளில் என்ன எழுதியிருக்கிறாரோ. எழுதட்டும்.

மேசை ஓரத்தில் இரண்டு சின்ன விரல்கள் வந்து பற்றிக்கொண்டன. மதுஷா. இப்போது கேட்கப் போகிறாள், ஏன் டீச்சர் நீங்க அத நடத்தல என்று கேட்கப் போகிறாள், அல்லது அன்னைக்கு ஏன் டீச்சர் சிரிச்சீங்க என்று கேட்கப் போகிறாள்.

“டீச்சர், எங்கம்மா பேரு எத்தன எழுத்து?”

வீரலட்சுமி விரலை மடக்கி எண்ணினாள். பா, ண், டீ, ஸ், வ, ரி. “ஆறு எழுத்துடா.”

“ஆறா?” பிள்ளையின் கண் விரிந்தது. “எழுதித் தர்றீங்களா? அட்டையில. பெரிசா.”

வெற்று அட்டை ஒன்றைத் தேடி எடுத்தாள். ஸ் இன்னும் நடத்தவில்லையே, ஒன்றாம் வகுப்புக்கு அது இல்லையே என்று டீச்சர் மனசு ஒரு கணம் இழுத்தது, போ என்று தள்ளினாள். மார்க்கர் பேனாவை எடுத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் இடம் விட்டு, ஆறையும் எழுதினாள். மதுஷா மேசைமேல் மோவாயை வைத்துக்கொண்டு விரலை ஒவ்வொன்றின் அடியிலும் நகர்த்தினாள். பா வந்தது. ண் வந்தது. டீ என்று சொல்லிவிட்டு டீயா என்று ஒரு சிரிப்பு. நாலாவதில் விரல் நின்றது. “இது என்ன டீச்சர்?” வீரலட்சுமி சொல்லிக் கொடுத்தாள், பாம்பு சீறுகிற மாதிரி பல்லுக்கிடையில் காற்றை விடு என்றாள், பிள்ளை விட்டது, இன்னும் கொஞ்சம் விட்டது, பிறகு வ, பிறகு ரி. திரும்ப முதலிலிருந்து, கொஞ்சம் வேகமாக. மூன்றாவது தடவை ஆறு எழுத்தும் உடைந்து கிடக்காமல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி வந்துவிட்டது. வட்டத்திலிருந்த இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரலட்சுமிக்கு வேறொரு பயம் கிளம்பியது. பழக்கதோஷத்தில் பிள்ளை அடுத்து எதைக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும், மூன்று மாதமாக அவள்தானே பழக்கியிருக்கிறாள், சொல்லை வாசித்தால் படத்தைத் தேடு, படத்தைத் தேடு என்று. “மதுஷா, இதுக்குப் படம்…” என்று தொடங்கினாள்.

“படம் வீட்டுல இருக்கு டீச்சர்” என்றாள் மதுஷா. “மாலை போட்டு மாட்டியிருக்கு. நான் போய்ச் சேத்துக்கிருவேன்.”

அட்டை மடங்காமலிருக்க இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.